பெயர் வைக்காத பிள்ளை

கச்சல் தீவில் கப்பல் ஊதினால் ஊரே கப்பல் அணையும் ஜெட்டிக்கு ஓடும். வெங்காயம் வரும், கடிதம் வரும். என் வீட்டுக்காரர் மட்டும் ரப்பர் காட்டுக்குள் ஓடுவார்.

சிலோன் தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் எங்கள் பெயரை வாசித்தார்கள். சொந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்றார்கள். நாங்கள் பார்த்தே இராத சொந்த நாடு! மண்டபம் முகாமில் மறுபடி பெயர் வாசித்து இந்தத் தீவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது, பேச்சும் குறைந்தது. கம்பவுண்டர் சத்து மாத்திரை கொடுத்தார். வரிசை வீட்டு லயத்துக்காரர்கள் ‘கப்பல் கிறுக்கு’ என்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் பிறந்து மூன்றாம் மாதம். நான் தண்ணீர்க் குழாயடியில் நின்றபோது கப்பல் ஊதியது. ஓடி வந்து பார்த்தால் தொட்டில் காலி. அவரையும் காணோம்.

காட்டுக்குள் ஓடினேன். தூரத்தில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். பயத்தில் எனக்குப் புத்தி கெட்டது. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களில் கிடையாது. அன்றுதான் முதல்முதலாக அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டேன்.

அழுகை சட்டென்று நின்றது.

உடனே விளங்கிவிட்டது. பெயர் கேட்டால் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று அர்த்தம் அவருக்கு. பிள்ளையின் வாயைப் பொத்தியிருப்பார். இன்னொரு முறை கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் நிற்கவும் பயம்.

“இந்தாங்க, நான்தாங்க. கப்பல் போயிருச்சு. வாங்க வீட்டுக்கு” என்றேன். கப்பல் போகவில்லை. சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னேன்.

ஒரு புதருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். அவர் கை இன்னும் பிள்ளையின் வாய்மேல் இருந்தது. பிள்ளையைப் பிடுங்கினேன். முகம் கறுத்துக் கிடந்தது. முதுகைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். பிறகுதான் வீரிட்டாள்.

அவர் என் காலடியில் உட்கார்ந்தார். “கத்துனா கண்டுபுடிச்சிருவாங்க புள்ள” என்றார். கப்பல் புறப்படும் ஊதல் கேட்கும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.

அந்த மாதமே பெயர் வைக்கலாம் என்று லயத்தில் பேச்சு வந்தது. “வேணாம். பேரு இருந்தாத்தானே வாசிப்பாங்க” என்றார். கிறுக்கு என்று சிரிக்க எனக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரைக்கும் அவளை நாங்கள் பாப்பா என்றே கூப்பிட்டோம்.