படிக்கட்டில் நின்ற கிரானைட்

சமையலறைகளுக்குக் கிரானைட் பலகை பூட்டுவதுதான் லண்டனில் என் வேலை. நாலு வருடமாக என்னோடு சோடியாகக் கல் தூக்கியவர் ஒரு எகிப்தியர். அஸ்வான்காரர். பிரமிட்டின் உள்ளறைக்குக் கிரானைட் வெட்டியது அவருடைய ஊரில்தான். வேனுக்குள் இருந்து சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேசுவார். பாறையிலிருந்து பாதி பிரித்தெடுத்த ஒரு மாபெரும் தூண் இன்னும் அங்கே படுத்துக் கிடக்கிறதாம். வெட்டிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு விழுந்துவிட்டதால் அப்படியே கைவிட்டுப் போனார்களாம். "அன்றைக்கு மேஸ்திரி என்ன கத்துக் கத்தியிருப்பார்!" என்று சிரிப்பார். உருண்டையான கடுங்கல்லால் குத்திக் குத்தியே கிரானைட்டைக் குடைந்தார்கள், நைல் ஆற்றில் படகேற்றிக் கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன மாரிக்காலத்தில் தெற்கு லண்டனில் நோர்பரிக்குக் கிட்ட ஒரு வீட்டுக்குப் போனோம். சமையலறை முதலாம் மாடியில். படி ஒடுக்கம், நடுவில் ஒரு திருப்பம். மேலே நானும் இன்னொருவரும், கீழே என் எகிப்திய நண்பரும் இன்னொருவரும். பாரம் முழுக்கக் கீழே நிற்பவர் மேல்தான் இறங்கும்.

வீட்டுக்காரர் கோப்பிக் கோப்பையோடு படியின் உச்சியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் நண்பரைப் பார்த்து எந்த நாடு என்று கேட்டார். நண்பர் மூச்சு வாங்கியபடி "எகிப்து" என்றார்.

"அப்படியா! பிரமிட்டை உங்களுக்கு வேற்றுக்கிரகவாசிகள் கட்டித் தந்தார்களாமே. இன்றைக்கு அவர்களுக்கு லீவா?"

நண்பர் சிரித்தார். கழுத்து நரம்பு புடைத்திருக்க, வியர்வை கண்ணுக்குள் இறங்க, அந்த மனிதனுக்காகச் சிரித்தார். எனக்குத் தலைக்குள் என்னவோ வெடித்தது. கல்லைத் திருப்பத்தில் சாய்த்துப் பிடித்து நிற்கச் சொன்னேன்.

"மனிதர்கள் கட்டினார்கள்," என்றேன். "மரச் சறுக்கில் கல்லை ஏற்றிக் கயிறு கட்டி இழுத்தார்கள். சறுக்கு புதையாமல் மணல் இறுகி நிற்க முன்னால் ஒருவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனான். அவனைக்கூட ஒரு கல்லறைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்கள்."

"பகிடிக்குச் சொன்னேன்," என்றார் வீட்டுக்காரர். "சரி, சவுக்கால் அடித்து அடிமைகளை வைத்துக் கட்டியிருப்பார்கள்."

அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. ஒன்றில் ஆகாயத்திலிருந்து யாரோ வரவேண்டும், இல்லையென்றால் சவுக்கு வேண்டும். வேலை தெரிந்தவன் என்று ஒருவன் இருந்தான் என்பதை மட்டும் இவர்களால் நம்ப ஏலாது. கட்டியவர்களைப் பிரமிட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள் என்றேன். முறிந்த கையெலும்பை நேராக வைத்துக் கட்டி, பொருந்தி ஆறிய அடையாளம் அந்த எலும்புகளில் இருக்கிறது என்றேன். "அடித்துக் கொல்லும் அடிமைக்கு யார் வைத்தியம் பார்ப்பான்?" என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர் கதவை அறைந்து உள்ளே போனார்.

கல்லை ஏற்றிப் பூட்டி முடிப்பதற்குள், வீட்டுக்காரர் முறையிட்டு எங்கள் முதலாளியின் அழைப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பெடியன், என்னைவிட இளையவன்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? கஸ்டமருக்கு வகுப்பெடுக்கவே உங்களை அனுப்பினனான்?"

"அவர் கதைச்சது பிழை."

"பிழையா இருக்கட்டும். நாளைக்குப் போய் அந்தாளிட்டை ஒரு மன்னிப்புக் கேட்டுப்போட்டு வாங்கோ."

"என்னாலை ஏலாது. வேணுமெண்டால் வேற ஆளை அனுப்பு."

வேனில் ஏறியதும், நண்பர் என்னைத் தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

"நான் உன்னிடம் கேட்டேனா?" என்றார் கடைசியில். "இந்தப் பகிடியை இங்கே வந்த நாளிலிருந்து கேட்கிறேன். சிரித்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நீ கத்திக்கொண்டு நின்ற நேரம் முழுக்க அந்தக் கல்லுக்குக் கீழே தோள் கொடுத்து நின்றது யார்?"

சேர்ட்டை விலக்கிக் காட்டினார். தோள்பட்டையில் கல்லின் விளிம்பு கன்றிச் சிவந்து கோடாகப் பதிந்திருந்தது.

அவருடைய முன்னோருக்காக வாதாடிய நான், அவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரில் இருந்த கோபத்தோடு என்னிலும் கோபம் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று குறைக்கவில்லை.

மறுநாள் காலை நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஒரு கிழமை முழுக்க அளவான சொற்களோடு வேலை செய்தோம். பிறகு ஒரு மத்தியானம், தன் பெட்டியிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வீட்டுக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.