அப்பா போட மாட்டேன்னு வச்ச சட்டை

அப்பா செத்த அன்னைக்கு நான் சண்டை போட்டது ஒரு சட்டைக்காக. கேக்க அசிங்கமா இருக்கும். ஆனா அதான் நடந்துச்சு.

அப்பா பஸ் ஓட்டுனாரு. யூனியன் கமிட்டியில இருந்தாரு. அந்த யூனியனுக்கு ஆலோசகர்னு ஒருத்தர், அவரே எங்க ஏரியா எம்.பி.யும். எலெக்‌ஷன் வந்தா யூனியன் ஆளுங்க அவரு கட்சி சட்டை போட்டுக்கிட்டு அவரு பின்னாடி வீடு வீடா ஏறி இறங்குவாங்க. அப்பாவும் போவாரு, பெருமையாத்தான் போவாரு.

போன எலெக்‌ஷனுக்குப் போகல. டிரிப்புக்கு நடுவுல டாய்லெட் போகக்கூட டைம் பத்தலன்னு யூனியன் மீட்டிங்ல கேட்டிருக்காரு. "இப்ப எலெக்‌ஷன் நேரம், இத கிளப்ப வேணாம்"னுட்டாங்க. வீட்டுக்கு வந்து, குடுத்த புது கட்சி சட்டைய அப்படியே அலமாரில தள்ளிட்டாரு. "யூனியன் கூப்பிட்டா போவேன். ஓட்டு கேக்க வேற ஆளப் பாத்துக்கட்டும்." எங்கிட்டதான் சொன்னாரு. அம்மாகிட்ட இதெல்லாம் பேச மாட்டாரு.

அப்புறம் ஒரு லீவு நாள் காலையில எழுந்திரிக்கவே இல்ல. ஹார்ட்டுன்னாங்க.

செங்காங்ல எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழயே அப்பாவப் பெட்டில வச்சிருந்தோம். நான் தேக்கா மார்க்கெட்டுக்கு மாலை வாங்கப் போயிட்டு வந்து பாக்குறேன், அப்பா அந்தக் கட்சி சட்டையில படுத்திருக்காரு.

"யாரு குடுத்தது இத?"

"நான்தான்," அம்மா சொன்னாங்க. "அவருகிட்ட வேற நல்ல சட்டை எங்கடி? எல்லாம் காலர் கிழிஞ்சது. இதுதான் புதுசா இருந்துச்சு."

புதுசா இருந்ததே அவரு போடாததாலதான். அத அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? அழுது அழுது முகமே வீங்கிக் கெடக்கு.

பெட்டி கொண்டாந்த காஸ்கெட் கம்பெனி அண்ணன்கிட்ட மாத்தச் சொல்லிக் கேட்டேன். "உடம்பு விறைச்சுடுச்சு தங்கச்சி, இனிமே சட்டைய வெட்டித்தான் எடுக்கணும்"னாரு. அப்பாகூட வண்டி ஓட்டுற யூனியன் அங்கிள் என் கையப் புடிச்சு ஓரமா இழுத்தாரு.

"விடு பாப்பா. யூனியன், கட்சி எல்லாம் ஒன்னுதான் லா."

"அப்பாவுக்கு ஒன்னு இல்ல அங்கிள்."

"எம்.பி. சார் வர்றாரு. மானத்த வாங்காத."

நான் மாலைய எல்லாம் எடுத்து அப்பா நெஞ்சு மேல குமிச்சேன், சட்டை தெரியாம. அம்மா வந்து ஒவ்வொன்னா விலக்குனாங்க. "மூச்சு முட்டுற மாதிரி இருக்குடி." செத்தவருக்கு. அதுக்கு மேல என்னால முடியல.

சார் வந்தாரு. தமிழ் ஆளுதான். செருப்பக் கழட்டிட்டு வந்து கும்புட்டாரு, அம்மா பக்கத்துல பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்தாரு. பொய்யா நடிக்கிற மாதிரி தெரியல, அதான் இன்னும் கஷ்டம். சட்டையப் பாத்து அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"கடைசி வரைக்கும் நம்ம ஆளும்மா அவரு."

அம்மா தலையாட்டுனாங்க. நான் செகண்டரி த்ரீயோட படிப்ப விட்டவ, பெரிய மனுசங்ககிட்ட வாயே வராது. அன்னைக்கு வந்துடுச்சு.

"சார், அவரு யூனியன் ஆளு. போன எலெக்‌ஷனுக்கு உங்ககூட வரல. டாய்லெட் டைம் கேட்டாரு, யாரும் பதில் சொல்லல. அந்தக் கோவம். சட்டைய அம்மா தெரியாம எடுத்துக் குடுத்துட்டாங்க."

அங்கிள் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. பின்னாடி உக்காந்திருந்த டிரைவருங்கள்ல ஒருத்தர் மட்டும், "இன்னும் அப்படித்தான் சார் இருக்கு, வண்டி ஓட்டுறப்ப நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல"ன்னாரு.

சார் அவரத் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் எங்கிட்ட, "மீட் த பீப்பிள் செஷனுக்கு வாம்மா, பேசலாம்"னாரு.

"அது தொகுதி ஆளுங்க வந்து குறை சொல்ற எடம் சார். அப்பா கேட்டது யூனியன்ல."

"ரெண்டுலயும் நான்தானம்மா இருக்கேன்," சாந்தமாத்தான் சொன்னாரு.

அம்மாவக் கும்புட்டுட்டு எழுந்துட்டாரு.

அவரு போனதும் அம்மா எம்மேல பாஞ்சாங்க. "வந்த மனுசன அவமானப்படுத்திட்ட. அப்பா இருந்தா உன்ன அறைஞ்சிருப்பாரு." அறைஞ்சிருப்பாரா? இருக்கலாம். சாவு வீட்டுல சத்தம் போட்டா அவருக்குப் புடிக்காது.

பெட்டிய மூடுனாங்க. அந்தச் சட்டையோடதான் அப்பா மண்டாய் சுடுகாட்டுல எரிஞ்சாரு.