இடது கையைத் தூக்கினால்

விடுதியில் அவளுக்குப் பல்லி என்று பெயர். பல் மருத்துவம் படிக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பல்லியைப் போலச் சுவரில் ஊர்ந்திருந்தால்கூட யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இவளோ தூக்கத்தில் பல் பிடுங்கினாள்.

கனவில் செய்வதையெல்லாம் அவள் கைகளும் செய்தன. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. கை நீண்டு பக்கத்தில் படுத்திருப்பவளின் தாடையைப் பிடிக்கும். முதல் அறைத்தோழி ஒரே வாரத்தில் மூட்டை கட்டினாள். அடுத்தவள் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

"இன்னொருத்தி போனா நீ வெளியே ரூம் பார்த்துக்கணும்மா," என்று வார்டன் சொல்லிவிட்டார். வெளியே தங்கவைக்க வீட்டில் வசதியில்லை. படிப்பே நின்றுபோகும்.

மூன்றாவதாக வந்தவள் கணக்குப் படிக்கிறவள், சரியான வாயாடி. பல்லி எதையும் மறைக்கவில்லை.

"தூங்கினா என் கை சும்மா இருக்காது."

"முழிச்சிருந்தா என் வாயும்தான்," என்றாள் கணக்குக்காரி.

மாலையில் அவளையே நாற்காலியில் உட்காரவைத்துப் பல்லி நோயாளியிடம் பேசப் பழகுவாள். "வாயை நல்லாத் திறங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்." கணக்குக்காரி வேண்டுமென்றே தொட்டதற்கெல்லாம் கையைத் தூக்குவாள். ஒவ்வொரு தடவையும் நிறுத்தித்தான் ஆகவேண்டும். வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

படுக்கும்போது பல்லி தன் மணிக்கட்டைத் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டிக்கொள்வாள். தேர்வுக்கு முந்தின ஞாயிறு மதியம் படித்தபடியே கண்ணயர்ந்தவள் துண்டை மறந்துபோனாள். விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் கணக்குக்காரி தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள். பல்லி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"பிடிச்சிட்டேனா?"

"பிடிச்சே. நல்ல பிடி."

பல்லி கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். "நீ போகவேண்டாம், நானே போறேன். இந்தக் கையை நம்பி யாருடி வாயைத் திறப்பாங்க?"

"முழுசாக் கேளு. வலிச்சுதா, பழக்கதோஷத்துல இடது கையைத் தூக்கிட்டேன்."

"அப்புறம்?"

"உடனே விட்டுட்டே. கண்ணைக்கூடத் திறக்கலை. 'எங்க வலிக்குது, சொல்லுங்க'ன்னு கேட்டே. அவ்வளவு மரியாதை. முழிச்சிருக்கும்போது என்னை ஒருநாளாவது அப்படிக் கேட்டிருக்கியா?"

பல்லி பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை, லேசில் நிற்கவில்லை. கணக்குக்காரி கட்டில் கம்பியில் தொங்கிய துண்டை அவிழ்த்து அவள் மடியில் போட்டாள்.

"முகத்தைத் துடை. இனிமே இதுக்கு அந்த வேலை மட்டும்தான்."