கடல் வந்த வருசத்து வெட்டுப்புள்ளி

கல்லடியில் எங்கள் வீடு நின்ற இடத்தில் கடல் கிணற்றை மட்டும் விட்டுவிட்டுப் போனது. என் மனைவியையும் கொண்டுபோனது. நானும் மகளும் சின்ன மகன்மார் இரண்டு பேரும் முகாமில் ஒரு கூடாரத்தில் இருந்தோம். மகள் உயர்தரச் சோதினை எழுத வேண்டிய வருசம் அது. டொக்டராக வேண்டும் என்றுதான் படித்தாள். புத்தகமெல்லாம் உப்புத் தண்ணீரில் போய்விட, சிநேகிதிகளின் கொப்பிகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் மடியில் ஒரு கொப்பி கிடக்கும்.

பாடசாலையில் விண்ணப்பம் நிரப்பக் கூப்பிட்டார்கள்.

“எழுதுறன் அப்பா. சரிவராட்டி மறுகா எழுதலாம்தானே. மூணு தரம் இருக்கு” என்றாள்.

நான் அம்மன் கோயிலுக்குப் போனேன். மனம் இரண்டுபட்டால் நாங்கள் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, ஒரே மாதிரி இலையில் மடித்துத் தட்டில் தாயின் காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பது. வெள்ளை என்றால் இந்த வருசம் எழுதட்டும். சிவப்பு என்றால் அடுத்த வருசம். பூசை செய்யும் கப்புகனார் தட்டை நீட்டினார். எடுத்தேன். சிவப்பு.

“தாய் சொல்லிட்டா. பொறுத்துப் போ மகன்” என்றார் அவர்.

மகளிடம் பூவைப் பற்றிச் சொல்லவில்லை. “மனம் ஆறட்டும் சீதேவி, அடுத்த வருசம் எழுது” என்று மட்டும் சொன்னேன். அவள் விண்ணப்பத்தை நான்காக மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள். “சரி அப்பா.” அவ்வளவுதான்.

அடுத்த வருசம் எழுதினாள். முடிவு வந்த அன்று அவளோடு டியூசன் மாஸ்டரிடம் போனேன். நான் எட்டாம் வகுப்பு. வாவியில் வலை வீசத் தெரியும், சோதினைக்குக் கணக்குப் பார்த்துப் போடும் இசட் புள்ளி தெரியாது. அவர்தான் விளங்கப்படுத்தினார். டொக்டர் படிப்புக்கு மட்டக்களப்புக்கென்று ஒதுக்கிய இடங்களில் கடைசியாக எடுபடும் பிள்ளையின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. இந்த வருசத்து வெட்டு வர இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. அதுவரை போன வருசத்து வெட்டை வைத்து மட்டிட வேண்டும். போன வருசத்துப் பேப்பர்த் துண்டு அவரிடம் இருந்தது. என் மகளின் புள்ளி அதற்கு மேலே நின்றது.

“தாயே!” என்று கையெடுத்துவிட்டேன்.

“அவசரப்படாதீங்க ஐயா. இது கடல் வந்த வருசத்து வெட்டு. அந்தப் புள்ளைகள் தாய் தகப்பனப் பறிகுடுத்துட்டு வந்து எழுதினதுகள். அதான் இறங்கிக் கிடக்கு. இந்த முறை ஏறும்.”

நான் கேட்டால்தானே. கரைக்கு வந்தபோது என்னோடு தொழில் செய்கிறவன் சத்தம் போட்டான்: “டொக்டரம்மாட அப்பா! என்ட இடுப்பு நோவுக்கு ஒரு துண்டு எழுதித் தா பாப்பம்!”

“முதல்ல நீ வலைய ஒழுங்கா இழு, நோவு போகும்” என்றேன். மாதக்கணக்காக அந்தப் பகிடி ஓடியது. எனக்கும் அது தித்தித்தது.

வெட்டு ஏறித்தான் வந்தது. மகள் எடுபடவில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டாவது இலக்கத்தில்தான் வித்தியாசம். கூடாரத்துக்குள் இருந்து படித்து, கடல் வந்த வருசமே எழுதியிருந்தால் இதே புள்ளி எடுத்திருப்பாளோ, யாருக்குத் தெரியும்.

“திரும்ப எழுது மகள்” என்றேன்.

“வேணாம் அப்பா. தம்பிமாரப் படிப்பிக்கணும்.”

தாதிப் பயிற்சிக்குப் போனாள்.

அம்மனில் குறை சொல்ல மாட்டேன். இலையைப் பிரிக்க முன்னம், சிவப்பாக இருக்க வேணும் தாயே என்று கேட்டவன் நான்தான். அவள் எடுபட மாட்டாள் என்ற பயமில்லை. எடுபட்டுவிடுவாள், தூரத்துக்குப் போய்விடுவாள், அந்தக் கூடாரத்தில் பொழுதுபட்டால் அவள் குரலும் இருக்காது என்ற பயம். அந்த வருசத்து வெட்டுக்கு அவள் எடுபடுவாள் என்று மாஸ்டருக்கு முன்னமே நான் சரியாக மட்டிட்டிருந்தேன்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு ஒருநாள் பேப்பரில் வெட்டுப்புள்ளி வந்தது. ஒவ்வொரு வருசமும் போல அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். மகள் வெள்ளைச் சட்டையோடு வேலைக்கு வெளிக்கிட்டு நின்றாள்.

“இன்னும் என்ன தேடுறீங்க? என்னத் திரும்பவும் சோதினைக்கு விடப்போறீங்களா?” என்று சிரித்தாள்.

“சும்மா பாக்கன்.”

பூவைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள், “சோறு மூடி வச்சிருக்கு, ஆற முதல் தின்னுங்க” என்று சொல்லிவிட்டு அவள் பாலத்துப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மட்டக்களப்பு என்ற வரியில் வைத்த விரலை நான் எடுக்கவில்லை.

நடந்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் விளக்கு வைக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறேன். அந்தத் தட்டை இன்னொரு தரம் நீட்டு தாயே. இந்த முறை வாய் மூடி நின்று எடுக்கிறேன்.