கயிறு கட்டாமல் குடியை விட்டவன்

இந்த ஊரில் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையிலிருக்கும் கிளாஸைத்தான் பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் சின்ன ஊர் இது. எங்கள் தெருமுனை பப்பில் வியாழக்கிழமைதோறும், குச்சியால் பந்தைக் குழியில் தள்ளும் பூல் ஆட்டம் ஆடுவார்கள். நானும் ஆடுவேன். ஒன்பது மாதத்துக்கு முன்பு முதல்முறையாக நான் பீருக்குப் பதிலாக எலுமிச்சை சோடா கேட்டபோது, எங்கள் அணித் தலைவன் கெவின் கிளாஸைப் பார்த்துவிட்டு, "டிரைவிங்?" என்று கேட்டான். விளக்கம் சொல்ல இங்கிலீஷ் போதாமல் "யெஸ்" என்று சொல்லித் தொலைத்தேன். என் வீடு பப்பிலிருந்து இருநூறு அடி. அன்று மழையில் நனைந்துகொண்டே நான் நடந்து போனதை கெவின் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறான். அடுத்த வாரமும் சோடா, அடுத்த வாரமும் நடை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் குச்சியை எடுத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நம் ஊராக இருந்தால் மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருப்பார்கள். இங்கே கேட்க மாட்டார்கள், நாமாகவே யோசித்து யோசித்துச் சாக வேண்டும்.

நான் இங்கு வந்தது என் திறமையால் இல்லை. என் மனைவி தேவி நர்ஸ், வேலை அவளுக்குக் கிடைத்தது, நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன், இங்கே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். குடியை விட்ட கதையும் வீரக்கதை இல்லை. ஒரு நாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து இரண்டு பீர் போட்டுவிட்டு சோபாவில் தூங்கிப்போனேன். பள்ளிக்கூடத்தில் என் மகள் யாழினி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். ஓடிப்போய்க் கூப்பிட்டபோது ஆசிரியை சிரித்த முகத்தோடு, வீட்டில் எல்லாம் நன்றாகப் போகிறதா என்று கேட்டாள். அக்கறையாகக் கேட்கிறாளே என்று நானும் உற்சாகமாக, எல்லாம் பிரமாதம், இன்றைக்குக் கொஞ்சம்தான் குடித்தேன், தூங்கிவிட்டேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அதை எழுதிக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டின்போது தேவியிடம் இதைச் சொன்னேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டாள். அது நலம் விசாரிப்பு இல்லை, பிள்ளையை இவனிடம் விட்டுவைக்கலாமா என்ற விசாரணை என்று அவள் சொன்னாள். அன்றோடு விட்டேன். பயத்தில்தான் விட்டேன்.

குடி போனதும் கூடவே ஆட்டமும் போனது. இதை எவனும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு பீர் உள்ளே இருந்தால் பந்து ஒன்று, குழி ஒன்று, அடி ஒன்று, அவ்வளவுதான். தெளிவாக நின்று பார்த்தால் ஒரே பந்துக்கு நான்கு வழி தெரிகிறது, நான்கிலும் தப்பு தெரிகிறது. கை நடுங்கியது முதல் மாதம். நடுக்கம் நின்ற பிறகு சந்தேகம் வந்தது. மேஜை இடது பக்கம் சரிந்திருக்கிறதோ, இந்தக் குச்சி வளைந்திருக்கிறதோ, கெவின் என் முறை வரும்போது மட்டும் ஏன் இருமுகிறான் என்று. ஆறு வாரம் தொடர்ந்து தோற்றேன். கெவின் தோளில் தட்டி, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு என்றான். தோற்றதற்காகவா, குடிக்காததற்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கே தோற்றவன் எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கிக் கொடுப்பான், ஜெயித்தவன் மறுசுற்று வாங்குவான். அந்தச் சுற்றில் என் சோடா எங்கே சேரும்?

இந்தக் கோலத்தில்தான் போன முறை லீவில், சென்னையை ஒட்டிய என் ஊர் பூந்தமல்லிக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாளே மெட்ரோ தூண்களுக்கு நடுவே புகுந்து புகுந்து சென்னீர்குப்பத்துக்குப் போனேன். பைபாஸ் ஓரத்தில், ஒயின்ஷாப்பை ஒட்டிய டயர் கடைக்கு மேலே மாடியில், எங்கள் பழைய பூல் பார்லர் அப்படியே இருந்தது. வாசலில் என் நண்பன் முரளி காத்திருந்தான். பக்கத்து ஊரான நூம்பல்காரன். எங்கள் இரண்டு பேர் அப்பாக்களும் ஒரே ஆளின் வயலில் கூலிக்கு நின்றவர்கள், நாங்கள் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பன்னிரண்டு வருஷம் சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் முதலில் ஒயின்ஷாப், அப்புறம் பார்லர் என்று ஒரே தடத்தில் ஓடியவர்கள். இங்கிலாந்தில் குடியும் மேஜையும் ஒரே அறையில் இருக்கும். நம் ஊரில் குடி கீழே, மேஜை மேலே. நடுவில் பார்லர் ஓனர் பாபு அண்ணன் நிற்பார். குடித்தவன் குச்சியால் துணியைக் கிழித்துவிடுவான் என்பதால் வாசலிலேயே ஒவ்வொருவனையும் ஊதச் சொல்லுவார். நாங்கள் கொய்யா இலையை மென்றுகொண்டு போவோம். அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

"ஊது" என்றார் இப்போதும்.

"அண்ணாத்தே, நான் குடிக்கறது இல்ல."

"இங்க வர்ற எல்லாரும் அதான் சொல்றான். ஊது நைனா."

ஊதினேன். கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தார். அவர் முகத்தில் சந்தேகம் இன்னும் கூடியது.

"இன்னா இது, கொய்யா எல வாசன கூட இல்ல? பாரின்ல வாசனையே இல்லாத சரக்கு வந்துக்கீதா?"

முரளி விழுந்து விழுந்து சிரித்தான். மாடிப்படி ஏறும்போதே என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் இடது கையை.

"கயிறு எங்க மச்சான்?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவன் சும்மா விடுவதில்லை. கோயிலுக்குப் போய், கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்து, பூசாரி கையால் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வான். மூன்று மாதம், ஆறு மாதம் என்று கெடு உண்டு. கயிறு கட்டியவனுக்கு எந்தக் குடிகாரனும் ஊற்ற மாட்டான். ஊற்றினால் பாவம் ஊற்றியவனுக்கு. கெடு முடிந்து கயிற்றை அறுத்த அன்று நண்பர்களே வந்து அழைத்துப்போவார்கள். முரளி நான்கு முறை கட்டி அறுத்தவன். கயிறு இல்லாத மணிக்கட்டு எங்கள் கணக்கில் திறந்த வீடு, எவனும் நுழையலாம்.

"கட்டல. சும்மா உட்டேன்" என்றேன்.

"சும்மா எப்டி உடுவ? ஈரல்ல எதுனா கீதா? டாக்டரு சொன்னாரா?"

"அதெல்லாம் இல்லடா."

"அப்ப எங்க கூட குட்ச்சா கௌரவம் கொறஞ்சி பூடும். அதானே?"

பள்ளிக்கூடத்து ஆசிரியை விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் குடித்ததற்கே பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளும் ஊருக்கு ஏன்டா போனாய் என்று கேட்பானோ என்று பயம். சிரித்து மழுப்பினேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. நான் வருகிறேன் என்று அவனும் அன்றைக்குக் கடைப் பக்கம் போகாமல் வந்திருந்தான், அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

ஆடினோம். முதல் ஆட்டம் அவன். இரண்டாவதும் அவன். அவன் அடித்த பந்துகள் கிளி கூட்டுக்குள் போவதுபோல் குழிக்குள் போயின. எனக்கு வேர்த்தது. இரண்டாவது முடிந்ததும் அவன் கீழே போய் கோலா வாங்கி வந்தான். இரண்டு பேப்பர் கப், ஏற்கெனவே ஊற்றியிருந்தது. ஒன்றை என்னிடம் நீட்டினான். நான் வாங்கினேன். குடிப்பதற்கு முன்னால் கப்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். என்னை அறியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். அறிந்தேதான் செய்தேன்.

ஏனென்றால் அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். அவனுக்கே செய்திருக்கிறேன். ஆறு வருஷம் முன்பு முரளியின் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் மூன்று மாதத்துக்குக் கயிறு கட்டினான். கெடு முடிந்தது, பூசாரி அறுத்தார், நாங்கள் கடைக்குக் கூப்பிட்டோம். இவன் வரவில்லை. அப்படியே விட்டுடலாம்னு பாக்கறேன் மச்சான் என்றான். பத்து நாள் தெளிவாக வந்து என்னோடு ஆடினான். பத்து நாளும் ஜெயித்தான். குடியில் நானும் அவனும் சரிக்குச் சரி. தெளிந்த முரளிக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை என்று அந்தப் பத்து நாளில் தெரிந்துபோனது. எனக்குப் பொறுக்கவில்லை. பதினோராம் நாள் அவன் கோலாவில் பாதி அளவு ரம்மைக் கலந்து கொடுத்தேன். அவன் குடித்தான். கடைசிக் கறுப்புப் பந்தைத் தவறவிட்டான். நான் ஜெயித்தேன். மறுநாள் அவனே ஒயின்ஷாப் வாசலில் எனக்காகக் காத்திருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவன் கையில்தான் கயிறு இல்லையே என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். அவன் மனைவி இன்றுவரை திரும்பி வரவில்லை.

நான் முகர்வதை முரளி பார்த்துக்கொண்டே இருந்தான். என் கையிலிருந்த கப்பை வாங்கினான். பாதியை மடமடவென்று குடித்தான். மீதியைத் திரும்ப என் கையில் வைத்தான்.

"நான் கலக்கல மச்சான். அந்த வேல உனுக்குத்தான் வரும்."

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத வாய்லயே தெரிஞ்சிச்சு. பதினெட்டு வயசுல இருந்து குடிக்கறேன், ரம்மு தெரியாதா?"

"துப்பியிருக்கலாமேடா."

அவன் குச்சியின் முனையில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். தேவைக்கு மேல் தேய்த்தான்.

"துப்பியிருக்கலாம். எனுக்கும் ஆச இருந்திச்சு. நானா கடைக்குப் போவக் கூடாதுன்னு இருந்தேன், எவனாச்சும் குட்த்தா தேவலன்னும் இருந்தேன். வேற எவன் குட்த்திருந்தாலும் மூஞ்சிலயே ஊத்தியிருப்பேன். நீ குட்த்த."

மன்னிப்பு என்ற சொல் எங்களுக்குள் எப்போதும் இருந்ததில்லை. சொல்லிப் பார்த்தேன், இங்கிலீஷில் 'சாரி' என்றுதான் வந்தது, இந்த ஊரில் கதவில் இடித்துக்கொண்டால் சொல்வதுபோல். எனக்கே கேவலமாக இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாபு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, தான் நினைத்தது சரிதான், இவன் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகலாம், இரண்டு பேரும் சேர்ந்து கயிறு கட்டிக்கொள்ளலாம் என்றேன். எப்படியாவது அதைச் சரிசெய்துவிட வேண்டும் எனக்கு. முரளி தலையாட்டினான், ஒத்துக்கொண்ட தலையாட்டல் இல்லை.

"கட்னா அறுக்கற நாளத்தான் எண்ணிக்கினு கீறேன். நாலு வாட்டி பாத்துட்டேன். கயிறு இன்னா பண்ணும்? நீ ஏரோப்ளேன் ஏறிப் பூடுவ. இங்க குடிக்காதவன் எவன் கீறான், நான் ஆட? ஆறு மணிக்கு வேல முட்ச்சி வந்தா ஊட்ல யாரும் இல்ல. இந்த மேஜதான். இந்த மேஜைக்கு வரவன் எல்லாம் கீழ போய்ட்டுத்தான் வரான்."

அதுவரை நான் குடியை விட்டதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விடுவதற்கு ஒரு தேச மாற்றம் இருந்தது, வீட்டில் தேவி இருந்தாள், யாழினி இருந்தாள். பப்பில் என்னை ஒதுக்கினால் இருநூறு அடி நடந்தால் வீடு. இவனுக்குக் குடித்தாலும் விட்டாலும் ஒரே தெரு.

லீவில் மீதி ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் சாயங்காலம் ஆறரைக்கு அவன் தெளிவாக வந்தான், என்னைத் தோற்கடித்தான். ஒருநாள்கூட நான் ஜெயிக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள், "கயிறு வேணாம் மச்சான். உன்ன மாதிரி சும்மா உட்டுப் பாக்கறேன். போன்ல ஆடலாமா?" என்றான்.

விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. வாரத்தில் நான்கு நாள் கூப்பிடுகிறான். அங்கே சாயங்காலம் ஆறரை ஆகும்போது இங்கே எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். கிடங்கின் கேன்டீனில் ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு போனைப் பார்க்கிறேன். பக்கத்து மேஜைக்காரர்கள் நான் யாருக்கோ தமிழில் கட்டளை போடுவதைக் கேட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். அங்கே பாபு அண்ணன் இது ஏதோ ஆன்லைன் சூதாட்டம் என்று நினைத்து இரண்டு நாள் எங்களை உளவு பார்த்தாராம். முரளி போனை மேஜை விளிம்பில் சாய்த்து வைக்கிறான். அவனுடைய பந்தை அவன் அடிப்பான். என் முறை வந்தால் எந்தப் பந்து, எந்தக் குழி, எவ்வளவு வேகம் என்று நான் சொல்ல வேண்டும், என் கைக்குப் பதிலாக அவன் கை அடிக்கும்.

நான் சந்தேகக்காரன், இந்த வயதில் அது போகாது. ஒவ்வொரு முறையும் அவன் கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பேச்சு குழறுகிறதா என்று காதைத் தீட்டுகிறேன். கையருகே கப் இருந்தால் அதில் என்ன என்று கேட்க வாய் வரை வருகிறது. மணம் போனில் வராது. நேற்று எனக்குக் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். வலது மூலைக் குழி, மெதுவாக என்றேன். அடித்தான். பந்து திரையின் ஓரம் வரை உருண்டு மறைந்தது. அந்த மூலை போனில் தெரியாது.

"விழுந்திச்சா?" என்றேன்.

"விழுந்திச்சு மச்சான். நீ ஜெய்ச்சிட்ட."

எழுந்து போய்ப் பார்க்க எனக்கு அங்கே கால் இல்லை. அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு, "சரி, அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை அடுக்கு" என்றேன்.