இரண்டு நைனா

எண்பதுகளில் பழவேற்காட்டில் எங்கள் தெருவிலேயே என் மளிகைக் கடையில் மட்டும்தான் போன் இருந்தது. கோட்டைக்குப்பத்து மீனவர்களும் அந்த ஒரே நம்பரைத்தான் வெளியூர் உறவுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். எந்தப் பெயரைக் கேட்டால் எந்த வீட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டில் தவறே வராது என்ற கர்வம் எனக்கு.

ஒரு மதியம், இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். "நைனாவக் கூப்டுங்க."

நோட்டில் ஒரே நைனாதான். பக்கத்துத் துணிக்கடை நைனா முகமது பாய். அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"நைனா, சொல்லாம கட்டிக்கினு வந்துட்டேன். இப்ப முழுகாம கீறேன். வூட்டுக்கு வரட்டா?" அவள் அழுதது எனக்கே கேட்டது.

அப்போதுதான் உறைத்தது. அவள் 'நைனா' என்று கேட்டது அப்பாவை. கோட்டைக்குப்பம் ஏழுமலையின் மகள். அவள் போன நாளிலிருந்து அவள் பேச்சையே எடுக்கவிடாதவர் அவர். பதறிப்போய் போனைப் பிடுங்கப் போனேன். பிள்ளையில்லாத பாய் திரும்பி நின்றுகொண்டார்.

"வாம்மா. இன்னிக்கே வா."

லைன் அறுந்தது.

"இன்னா பாய், அவரு வேணாம்னுட்டா?"

"என் வூடு கீதே," என்று சொல்லிவிட்டுக் கோட்டைக்குப்பத்துக்கு நடந்தார்.

சாயங்கால பஸ்ஸுக்கு இருவரும் காத்திருந்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் ஏழுமலை, அவருக்குக் குடை பிடித்தபடி பாய்.

சரியான ஆளைக் கூப்பிட்டிருந்தால், குரல் கேட்டதுமே போனை வைத்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அன்று நோட்டில் நைனாவுக்கு நேரே ஏழுமலையையும் எழுதினேன். பாயின் பெயரை அடிக்க மனம் வரவில்லை.