எண்பத்து மூன்றில் ஒன்று

கோஸ்மாஸுக்கு ஐம்பத்து மூன்று வயது ஆகும்வரை சொந்தமாக ஓட்டு கிடையாது. சட்டத்தில் இருந்தது. வீட்டில் இல்லை. கிரேக்க நாட்டின் வடமேற்கு மலையில் இருக்கும் கெராசா ஊரில் அவன் குடும்பத்துக்கு ஐந்து ஓட்டு, அந்த ஐந்தும் அவன் அப்பனுடையது. தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது எம்.பி.யின் ஆள் மலையேறி வருவான். எந்தப் பெயருக்கு எதிரே சிலுவைக் குறி போடுவது என்ற சிரமத்தையும் அவனே எடுத்துக்கொண்டு, குறி போட்ட சீட்டுகளை மடித்து மேசைமேல் வைப்பான். ஐந்து பேரும் அதைப் பையில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். திரைக்குப் பின்னால் நின்று உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, பெட்டியில் தள்ளிவிட்டு வருவார்கள். ஜனநாயகம் அத்தோடு முடிந்தது.

அதற்குக் கூலி இல்லாமல் போகவில்லை. 1986-இல் கோஸ்மாஸுக்குத் தண்ணீர்க்கார வேலை கிடைத்தது அந்த ஐந்து ஓட்டில்தான். மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீரை முறை வைத்து ஒவ்வொருவர் தோட்டத்துக்கும் திறந்துவிட்டு மூட வேண்டும். ஊரில் அப்போது இரண்டு காப்பிக்கடை. ஒரு கட்சிக்காரன் இன்னொரு கட்சிக் கடையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். ஆனால் இரண்டு கடைக்காரர்களும் கோஸ்மாஸின் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். முப்பது வருஷத்தில் அவன் ஒருத்தனுக்கும் ஒரு நிமிஷம் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. வேலை வந்த அடுத்த வருஷம் அரெத்தியைக் கட்டினான். அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு, லாசரோஸ். பதினேழு வயதில் பிரேயஸ் துறைமுகத்துக்குப் போனவர், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய்க் கார் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் உழைத்துவிட்டு, மனைவி இறந்த பிறகு ஊர் திரும்பியவர்.

2015 கோடையில் நாடு கடனில் மூழ்கிக் கிடந்தது. கடன் கொடுத்தவர்கள், முக்கியமாக ஜெர்மனி, சொல்லும் கட்டுப்பாடுகளை ஏற்கலாமா என்று அரசாங்கம் மக்களையே கேட்டது. சீட்டில் எம்.பி. பெயர் எதுவும் இல்லை. இரண்டே கட்டம்: வேண்டாம், சரி. வங்கிகள் பூட்டிக் கிடந்தன. அப்பன் செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் எம்.பி.யின் ஆள் வந்துகொண்டுதான் இருந்தான், இந்த முறை எவனும் குறி போட்டுக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. ஜூலை ஐந்தாம் தேதி கோஸ்மாஸ் திரைக்குப் பின்னால் நின்று, தன் கையால், தன் புத்தியால், 'வேண்டாம்' கட்டத்தில் குறி போட்டான். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்து அரெத்தியிடம், "இன்னைக்குத்தான்டி நான் ஓட்டுப் போட்டேன்" என்றான்.

"நானும் போட்டேன்" என்றாள் அவள். வேறெதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, அவள் அவன் வீட்டுக்காரி.

அன்று மாலை பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். எண்பத்து மூன்று ஓட்டு. எண்பத்திரண்டு வேண்டாம். ஒரே ஒரு சரி.

இப்போது ஊரில் மிஞ்சியிருப்பது ஃபோத்திஸின் காப்பிக்கடை ஒன்றுதான். ஃபோத்திஸ் எல்லோருக்கும் இலவசமாகச் சாராயம் ஊற்றினான். டிவியில் நாடு முழுக்க வேண்டாம் என்று வந்தது, ஆட்டம் பாட்டம். கொஞ்ச நேரத்தில் பேச்சு திரும்பியது.

"அந்த ஒரு சரி யாருய்யா?" என்றான் ஃபோத்திஸ்.

எல்லோருடைய கண்ணும் மூலை மேசைக்குப் போனது. அங்கே லாசரோஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வாரம் இதே கடையில் அவர், "வேண்டாம்னு சொல்லுங்க, தப்பில்ல. மறுநாள் காலையில என்ன பண்றதுன்னு ஒருத்தராவது சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். அன்று காலையில் தன் காரில் நடக்க முடியாத கிழங்களை மூன்று நடை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கியதை ஊரே பார்த்திருந்தது. பிறகென்ன சாட்சி வேண்டும்?

கோஸ்மாஸ் எழுந்தான். இரண்டு குவளை உள்ளே போயிருந்தது. "மச்சான்னு பார்த்தேன். ஜெர்மன்காரன் சோத்தைத் தின்ன நாக்கு, அவனுக்குத்தான வாலாட்டும்? எண்பத்திரண்டு பேர் மூஞ்சியில கரியைப் பூசிட்டியேய்யா! நீயெல்லாம் இந்த ஊர்ல பொறந்தவனா?"

லாசரோஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மிச்சக் காப்பியைக் குடித்தார். "குடிச்சிருக்க மாப்ள. வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. தெருவில் அவருக்கு வணக்கம் சொல்வதை ஊர் நிறுத்திக்கொண்டது.

எட்டு நாள் போனது. திங்கட்கிழமை காலை டிவியில் செய்தி: மக்கள் வேண்டாம் என்று சொன்னதைக் காட்டிலும் கடுமையான கட்டுப்பாடுகளுக்கு அரசாங்கம் விடிய விடியப் பேசித் தலையாட்டிவிட்டு வந்திருந்தது. காப்பிக்கடையில் கோஸ்மாஸ் நாற்காலியை உதைத்துத் தள்ளினான்.

"அப்போ எதுக்குடா எங்களைக் கேட்டீங்க? கேலிக்கா?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினான். "அத்தனை பயலும் திருட்டுப்பய. இனிமே ஓட்டுச்சீட்டை இந்தக் கை தொட்டா, அழுகிப் போகட்டும். கேட்டுக்கங்க எல்லாரும்."

கத்தியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ஏதென்ஸில் இருப்பவனை அவனால் என்ன செய்துவிட முடியும்? மறுநாள் லாசரோஸின் தோட்டத்துக்குத் தண்ணீர் முறை. கோஸ்மாஸ் திறக்கவில்லை. அடுத்த முறையும் திறக்கவில்லை. ஜூலை வெயிலில் தக்காளியும் பீன்ஸும் நின்ற இடத்திலேயே கருகின. லாசரோஸ் நகராட்சிக்கு ஒரு புகார் எழுதிப் போட்டிருந்தால் கோஸ்மாஸின் வேலை போயிருக்கும். எழுதவில்லை. 'குற்றமுள்ள நெஞ்சு, அதான் வாயைத் திறக்கல' என்று கோஸ்மாஸ் தனக்குள் சொல்லிக்கொண்டான். மூன்றாவது முறைக்கு எதுவும் சொல்லாமல் திறந்துவிட்டான். அதற்குள் தோட்டத்தில் நனைய ஒன்றும் மிச்சமில்லை.

செப்டம்பரில் மறுபடியும் தேர்தல் வைத்தார்கள். வாக்குச்சாவடிக் குழுவுக்குக் குலுக்கல் போட்டு ஆள் எடுப்பது வழக்கம். வராவிட்டால் கோர்ட்டு, கேஸ். கடவுளுக்கும் நகைச்சுவை உண்டு போலிருக்கிறது, கெராசாவில் முதல் பெயர் கோஸ்மாஸ்.

"போகாம இருந்தா ஜெயில், போனா கை அழுகிடும். எது வசதி?" என்று ஃபோத்திஸ் சிரித்தான்.

கோஸ்மாஸ் போனான். முழங்கை வரைக்கும் வரும் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு போனான். வாய்க்கால் அடைப்பு எடுக்கும்போது போடுகிற கையுறை. தலைமை தாங்க வந்திருந்த இளம் பெண் வக்கீல் அவனைப் பார்த்து அரண்டுபோனாள்.

"கையில ஏதாவது தொத்து வியாதியா ஐயா?"

"எனக்கு இல்லம்மா, இந்தச் சீட்டுக்குத்தான்."

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினாள். கையுறையோடு ஒவ்வொருவருக்கும் கட்சிக்கு ஒரு சீட்டாக எடுத்து நீட்டுவது லேசாக இல்லை, இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு வந்தன. ஆனால் அவசரப்பட ஆளும் இல்லை. மத்தியானம் வரைக்கும் பதினோரு பேர் வந்தார்கள். அதிலும் ஒருத்தர், "உறைக்குள்ள ஒரு துண்டு பன்றிக்கறி வெச்சிருக்கேன், எண்ணும்போது சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோஸ்மாஸுக்கு ஒரே ஒரு கவலை. லாசரோஸ் வந்தால் என்ன செய்வது? சீட்டை நீட்டியாக வேண்டும், முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவர் எத்தனையாவதாக வருவார் என்று தெரிந்துகொள்வது போல வாக்காளர் பட்டியலைப் பிரித்தான். கல்யாணம் ஆனாலும் அரெத்தி அவள் அப்பன் குடும்பப் பெயரில்தான் பட்டியலில் இருந்தாள்: ஜெர்வா அரெத்தி. ஆணுக்கு அதே பெயர் ஜெர்வாஸ். அண்ணன் பெயர் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லை. மேலே பார்த்தான், கீழே பார்த்தான். இல்லை.

"வக்கீலம்மா, இதுல ஒரு பேர் விட்டுப்போச்சு. ஜெர்வாஸ் லாசரோஸ். ஜூலையில இருந்திருக்குமே."

அவள் பையிலிருந்த இன்னொரு தாளோடு ஒத்துப் பார்த்தாள். "ஜூலைக்கும் இதே பட்டியல்தான். வெளியூர் போய்ப் பதிவை மாத்தினவரா? திருப்பி மாத்திக்கலைன்னா ஓட்டு அங்கதான் இருக்கும்."

"பிரேயஸுக்குப் போனாரு. ஆனா இப்ப இங்கதான் இருக்காரு."

"இருந்துக்கலாம். இங்க ஓட்டுப் போட முடியாது."

கோஸ்மாஸ் பட்டியலை மூடினான். அன்று காலையில் மூன்று நடை கிழங்களை இறக்கிவிட்டு, அந்த மனுஷன் காரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். காப்பிக்கடையில் அத்தனை பேர் நடுவில் 'எனக்கு இங்க ஓட்டே இல்லடா முட்டாளே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை?

தண்ணீர் முறை போடுவது போல வீடு வீடாக மனதுக்குள் போய் வந்தான். இவன் சத்தியம் செய்தான், அவன் சீட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டே போட்டான், பாதிரியார், ஃபோத்திஸ், ஃபோத்திஸின் மாமியார். எல்லா வீடும் ஆனது. ஒரு வீடு மிச்சம் இருந்தது. அதை இரண்டு தடவை தாண்டிப் போனான். மூன்றாவது தடவை தாண்ட முடியவில்லை.

மாலை ஆறரைக்கு அரெத்தி வந்தாள். அடையாள அட்டையை மேசைமேல் வைத்தாள். கோஸ்மாஸ் சீட்டுகளை நீட்டினான், விடவில்லை.

"ஜூலையில நீ என்ன போட்ட?"

அரெத்தி பதில் சொல்லும் முன்னால் வக்கீலம்மா பேனாவால் மேசையைத் தட்டினாள். "ஐயா, அதை இங்க கேட்கக் கூடாது. எங்கயுமே கேட்கக் கூடாது. கையை எடுங்க."

அவன் கையை எடுத்தான். அரெத்தி ஓட்டுப் போட்டுவிட்டு அவனைப் பார்க்காமலே போனாள்.

எண்ணுவதற்கு நேரம் பிடிக்கவில்லை. முப்பத்தொரு உறை, அதில் ஒன்பது செல்லாது, ஒன்றில் பன்றிக்கறி. கோஸ்மாஸ் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக லாசரோஸின் வீட்டுக்குப் போனான். அந்தியின் கடைசி வெளிச்சம் இருந்தது. அண்ணனும் தங்கையும் வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவனை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"நான்தான், கோஸ்மா" என்றாள் அரெத்தி. "எனக்கு இன்சுலின் ரெண்டு வாரத்துக்குத்தான் இருக்கு, பேங்க் பூட்டியே கிடந்தா வெளிநாட்டு மருந்து வராதுன்னு மருந்துக்கடைக்காரன் சொன்னான். பயந்துட்டேன். சரின்னு போட்டேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்னடி?"

"சொல்லத்தான் இருந்தேன். அன்னைக்கு நீ கடையில எங்கண்ணனைப் பேசின பேச்சு தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. அது எனக்கு விழவேண்டிய ஏச்சு. எப்படிச் சொல்லுவேன்? அரசியல்வாதி ஒருத்தனையும் நம்ப மாட்டேன்னு ஊரெல்லாம் கத்துற. என்னால உன்னையே நம்ப முடியல, கோஸ்மா."

கோஸ்மாஸ் படியில் உட்கார்ந்தான். "மச்சான், நீங்களாவது..."

"சரின்னு போடப்போறேன்னு அவ எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா. என் தங்கச்சியை அந்தக் கடையில போட்டு மிதிக்கச் சொல்றியா? நான் பேச்சு வாங்கினவன். இருபது வயசுலேர்ந்து வெளிநாட்டான் பேச்சு வாங்கினவன்" என்றார் லாசரோஸ். பிறகு குரல் இறங்கியது. "தோட்டம்தான் மனசு கேட்கல, மாப்ள. தண்ணி என்ன பண்ணுச்சு உன்னை?"

கோஸ்மாஸ் வெட்கத்தில் அழுதுவிட்டான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். எங்கே போகிறாய் என்று அரெத்தி கேட்டதற்கு நிற்கவில்லை.

ஃபோத்திஸின் கடையில் பத்துப் பதினைந்து பேர் டிவியில் தேர்தல் முடிவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோஸ்மாஸ் போய் டிவியை அணைத்தான்.

"லாசரோஸுக்கு இந்த ஊர்ல ஓட்டே கிடையாது. பட்டியல் வக்கீலம்மாகிட்ட இருக்கு, போய்ப் பாருங்க. அவரு எதுவும் போடல."

"அப்ப அந்தச் சரி?" என்றான் ஃபோத்திஸ்.

"என்னோடது."

ஃபோத்திஸ் கிட்டே வந்தான். "நீதானே அன்னைக்கு அவரைக் கிழிகிழின்னு கிழிச்ச?"

"பயம். மாட்டிக்குவேன்னு பயம். அதான் முந்திக்கிட்டேன்."

நம்பினார்கள். முந்திக்கொண்டு கத்துகிறவன்தான் கள்ளன் என்பதை அந்த ஊர் முப்பது வருஷமாக டிவியில் பார்த்துப் பழகியிருந்தது. ஃபோத்திஸ் அவனுக்கென்று வைத்திருந்த குவளையை எடுத்துக்கொண்டான். "நாங்க கடிகாரம் திருத்தினது உன்னைப் பார்த்துடா. கடைசியில நீயும் அந்தப் பார்லிமென்ட்டுப் பசங்களும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்" என்றான் கோஸ்மாஸ்.

மறுநாள் காலையில் லாசரோஸ் காப்பிக்கடைக்குப் போனார். கேட்காமலே அவர் முன்னால் காப்பி வந்தது. ஒருத்தர் எழுந்து நின்று கை கொடுத்தார். விஷயத்தை ரொட்டிக்கடையில் கேள்விப்பட்ட அரெத்தி வீட்டுக்கு ஓடிவந்தாள். கோஸ்மாஸ் வாய்க்காலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"உனக்குன்னு வாழ்க்கையில இருந்தது அந்த ஒரே ஒரு ஓட்டு. அதையுமா என் தலைக்கு ஈடா கொடுத்துட்ட?"

"எனக்குத் தெரியும்ல நான் என்ன போட்டேன்னு" என்றான் அவன். "உனக்கும் தெரியும். ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா போதும்."